கரிசல் மண்ணில் ஓடும் காருக்கு எந்த ஸ்கேனர்?

திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் ஏறத்தாழ நடுவில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கயத்தாறு. இந்த ஊரில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டால், கம்பெனி ஒர்க்‌ஷாப்பைத் தேடி எந்தப் பக்கம் போனாலும் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். அத்தனை தூரம் ஓட்டிப் போகலாமா, வண்டியை அப்படியே போட்டுவிட்டு ரெக்கவரி வண்டிக்குச் சொல்ல வேண்டுமா? விளக்கு அதைச் சொல்லாது. ஒரு சென்சார் ஒயரை எலி கடித்தாலும், ஒரு சிலிண்டரே வேலை செய்யாமல் போனாலும் எரிவது அதே விளக்குதான். விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். சிலிண்டர் ஒன்று கடுமையாக மிஸ்ஃபயர் ஆகிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓரம் கட்டிவிட வேண்டும்.

மினுக்காமல் நிலையாக எரியும்போதுதான், காரின் கணினியைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் தேவைப்படுகிறது. வீட்டில் கார் வைத்திருப்பவர் ஸ்கேனர் வாங்குவது மெக்கானிக் வேலையைத் தானே பார்ப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முந்திய ஒரு வேலை இருக்கிறது: ஓட்டலாமா, நிறுத்தலாமா, யாரிடம் காட்டலாம் என்று முடிவெடுப்பது. அந்த முடிவுக்கு உதவாத கருவி எத்தனை வசதிகளோடு வந்தாலும் வீட்டுக்காரருக்குப் பயன்படாது.

முதலில் ஆர்.சி., பிறகு டார்ச் லைட்

கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுத்து, வண்டி எந்த ஆண்டு எந்த மாதம் தயாரானது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் படிப்பது, கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி என்ற ஏற்பாட்டை. அமெரிக்காவில் 1996 மாடல் முதலே எல்லாக் கார்களிலும் ஓபிடி 2 கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் அது தவணை தவணையாக வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது ஓபிடியின் முதல் கட்டமும் கூடவே வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். பிஎஸ் 4 நாடு முழுவதற்கும் பொதுவானது 2017 ஏப்ரல் 1 அன்றுதான்.

இந்தத் தேதிகள் தென் மாவட்டத்துக்காரருக்கு முக்கியம். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சென்னையில் வாங்கிய காரும், சென்னைக்கு வெளியே வாங்கிய அதே மாடல் காரும் வெவ்வேறு விதிகளின் கீழ் விற்றவையாக இருக்கலாம். ஆகவே, பக்கத்து வீட்டு வண்டியில் வேலை செய்த கருவி தன் வண்டியிலும் வேலை செய்யும் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பிஎஸ் 6 கார் என்றால் இந்தக் கவலை இல்லை. 2010-க்கு முந்தைய மாருதி என்றால் கவலை கூடுதல். பல வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும், ஆனால் சுஸுகி தனக்கென்று வைத்திருந்த முறையில்தான் அது பேசும். பொதுவான கருவியைச் செருகினால் பதிலே வராது. கார்புரேட்டர் காலத்து மாருதி 800-க்கோ அம்பாசிடருக்கோ ஸ்கேனர் பேச்சே கிடையாது.

அடுத்து டார்ச் லைட். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், டேஷ்போர்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தால் சரிவகம் போன்ற சாக்கெட் தெரியும். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. எல்லாத் துளையிலும் உலோக முனை இருக்காது. 16-இல் பேட்டரியின் 12 வோல்ட் வருகிறது; 4, 5 இரண்டும் எர்த். 6-லும் அதற்கு நேர் கீழே 14-லும் முனை இருந்தால் வண்டி ‘கேன்’ முறையில் பேசுகிறது. இன்றைய கார்கள் எல்லாம் அப்படித்தான். அவை இரண்டும் காலியாக இருந்து 7-இல் மட்டும் முனை இருந்தால் பழைய ‘கே லைன்’ முறை. மலிவான கருவிகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 3-லும் 11-லும் முனை இருக்கிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் பேசுவது சுலபம்.

நீலப் பெட்டியின் கதை

ஆன்லைனில் தேடியதும் முதலில் வந்து நிற்பது கைக்கு அடக்கமான ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டி. விலை சில நூறு ரூபாய். மேலே ‘ஈஎல்எம் 327’ என்று எழுதியிருக்கும். கனடாவைச் சேர்ந்த ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த சிப்பின் பெயர் அது. ஒவ்வொரு கார் கம்பெனியும் ஒவ்வொரு முறையில் அனுப்பும் தகவலை ஒரே எளிய கட்டளை முறைக்கு மாற்றித் தரும் சிப் என்பதால், போனிலும் லேப்டாப்பிலும் காரைப் படிக்கும் செயலிகள் எல்லாம் அதை நம்பியே உருவாயின. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக நகல்கள் புறப்பட்டன. அசல் நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. நகல்கள் இன்றும் விற்கின்றன. ‘1.5’ என்று பதிப்பு எண் போட்ட பெட்டிகள் ஏராளம், அசல் நிறுவனம் அந்த எண்ணில் சிப் வெளியிட்டதே இல்லை. ‘2.1’ என்று போட்டு வரும் நகல்களில் பலவற்றில் பழைய பதிப்பில் இருந்த கட்டளைகள்கூட இருக்காது.

இதனால் நகல் எல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017-க்குப் பிந்தைய ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கில், கோளாறைக் குறிக்கும் இன்ஜின் கோடைப் (code) படித்து, அழிப்பதற்கு இந்தப் பெட்டியே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். திரையில் ‘தகவல் இல்லை’ என்று வரும்போது, கோளாறு காரிலா கருவியிலா என்று தெரியாது. பதற்றத்தில் இருப்பவருக்கு அந்தச் சந்தேகம் இன்னொரு சுமை. இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வீகேட் போன்ற அடாப்டர்களும், அதற்கு மேல் விலையுள்ள ஓபிடி லிங்க் வகையும் அந்தச் சந்தேகத்தைத்தான் பெரிதும் குறைக்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பழைய வகை புளூடூத் மட்டுமுள்ள பெட்டி ஐபோனோடு சேராது. வைஃபை அல்லது ‘புளூடூத் லோ எனர்ஜி’ உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதே சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விளம்பரம் செய்யும் பெட்டிகளும் உண்டு. அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அது காரோடு பேசவே இல்லை, எல்இடி விளக்குகளை மட்டும் மினுக்குகிறது என்று காட்டினார்கள். அதற்கு ஒரு ரூபாய்கூட வீண்.

ஃபோர்டுக்காரர்கள் கற்றுக்கொண்டது

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலை 2022-இல் ஓய்ந்தது. அங்கே தயாரான ஈகோஸ்போர்ட் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் தாராளமாக ஓடுகிறது. உதிரி பாகமும் சர்வீசும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் டீலர்கள் பலர் கடையை மூடியதால், சிறு ஊர்களில் ஃபோர்டு வைத்திருப்பவருக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையே தூரம் கூடிவிட்டது. அந்த நெருக்கடியில் பலருக்குத் துணையாக நின்றது ‘ஃபோர்ஸ்கேன்’ என்ற மென்பொருள். ஃபோர்டு, மஸ்டா வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. இன்ஜினோடு நிற்காமல் ஏபிஎஸ், ஏர்பேக், கதவுப் பூட்டு, மீட்டர் என்று ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாகப் படிக்கிறது.

சாக்கெட்டின் 3, 11 முனைகள் கணக்குக்கு வருவது இங்கேதான். ஃபோர்டு பல கார்களில் இன்ஜின், பிரேக் தகவல்களை 6, 14 வழியாகவும், உள்பக்க வசதிகளின் தகவல்களை வேகம் குறைந்த இன்னொரு கேன் வழியாக 3, 11 முனைகளிலும் அனுப்புகிறது. சாதாரண நீலப் பெட்டி இரண்டாவதைத் தொடுவதே இல்லை. அதற்காகவே பக்கவாட்டில் சிறு சுவிட்ச் வைத்த அடாப்டர்களும், தானாகவே மாறிக்கொள்ளும் அடாப்டர்களும் விற்கின்றன. இது தெரியாமல் வாங்கியவர்கள் இரண்டாம் முறை பணம் செலவழித்தார்கள்.

எந்தக் கம்பெனி கார் வைத்திருப்பவரும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. தன் வண்டியை ஆழமாகப் படிக்கும் மென்பொருள் எது என்று முதலில் தேட வேண்டும். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் எந்த அடாப்டரைச் சொல்கிறார்களோ அதை வாங்க வேண்டும். போலோ, வென்டோ, ரேபிட் வைத்திருப்பவருக்கு ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ் இருக்கிறது. மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா வண்டிகளுக்கு அந்த அளவுக்குப் பேர்போன தனி மென்பொருள் இல்லை. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளும் தெரிய வேண்டும் என்றால், இந்திய மாடல்களின் பட்டியலோடு வரும் லான்ச் போன்ற பல கம்பெனிக் கருவிகள் பக்கம் போக வேண்டியிருக்கும். பெட்டியின் மேல் ‘எல்லாக் கார்களுக்கும்’ என்று போட்டிருப்பதை நம்பாமல், தன் மாடல், ஆண்டு, எரிபொருள் மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா, அதற்கு நேரே ஏபிஎஸ் என்றும் ஏர்பேக் என்றும் குறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்டேட்டுக்குத் தனிக் கட்டணமா என்பதும் அப்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி.

சாலையோர மெக்கானிக்கிடம் இந்தக் கருவிகள் ஏன் இல்லை என்று கேட்பதற்கு முன், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் தந்த உத்தரவு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது ஆணையம். வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. கை நுணுக்கமும் அனுபவமும் உள்ள எத்தனையோ மெக்கானிக்குகள் கம்பெனிக் கருவி கிடைக்காததால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது பெரிய அநியாயம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளம் வாகனங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் நல்ல கருவி ஒன்றை வாங்கி, தான் நம்பும் உள்ளூர் மெக்கானிக்கின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை. இருவருக்கும் ஆதாயம்.

வெயில், புழுதி, எலி

கோடு படிப்பதைவிட, ஓடும்போது வரும் எண்களைக் காட்டும் ‘லைவ் டேட்டா’ வசதிதான் கரிசல் பகுதிக்காரருக்கு அதிகம் பயன்படும். வாங்கும் கருவியில் இது கட்டாயம் இருக்க வேண்டும். கோடு மட்டும் காட்டும் கருவியை மலிவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

வெயிலை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் விற்கும் சிறிய கார்கள் பலவற்றில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது, ஒரு விளக்கு மட்டும். அது சிவப்பாக எரியும் நேரத்தில் சூடு எல்லை தாண்டியிருக்கும். லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பம் எண்ணாகவே தெரியும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடான பிறகு அது 85-க்கும் 105 டிகிரிக்கும் நடுவில் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம். மெக்கானிக்கிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே பாதி நேரம் மிச்சம்.

புழுதி அடுத்தது. மழை காணாத மாதங்களில் காட்டுப் பாதைகளில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. ஃபில்டர் சரியாக உட்காராவிட்டால் நுண்ணிய தூசி, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் படிகிறது. அந்த சென்சார் உள்ள பெட்ரோல் காரில் பி 0171 என்ற கோடு வரலாம். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். பல இடங்களில் இந்தக் கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன், பெட்ரோலைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ‘ஃபியூயல் ட்ரிம்’ என்ற இரு எண்களைப் பார்க்க வேண்டும். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஐடிலிங்கில் இருபதைத் தாண்டி நின்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் ஐந்துக்குக் கீழே இறங்கினால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை இழுக்கிறது. மாறாக, வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் எம்ஏஎஃப் சென்சாரையோ பெட்ரோல் பம்பையோ பார்க்க வேண்டும். சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே ஸ்ப்ரே விற்கிறது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள பாகத்தை மாற்றும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

எலியைச் சொல்லாமல் விட முடியாது. சோளத்தட்டைப் படப்புக்குப் பக்கத்தில் கார் நிற்கும் வீடுகளில் ஒயர் கடிபடுவது சகஜம். கோடின் விளக்கத்தில் ‘சர்க்யூட்’ என்ற சொல் வந்தால் பாகத்தை விட்டுவிட்டு ஒயரைத் தேட வேண்டும். பி 0113 நல்ல உதாரணம். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் ஒயர் அறுந்தால் இந்தக் கோடு விழும். லைவ் டேட்டாவில் அந்த வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று நிற்கும். கயத்தாற்றில் மைனஸ் 40 எங்கே வரும்? பானட்டைத் திறந்து, ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் கடிபட்ட இடம் அகப்பட்டுவிடும்.

டீசல்காரருக்கு

பிஎஸ் 6 டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அது நிறைந்ததும் வண்டி தானே அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் இருபது நிமிடம் போலத் தொடர்ந்து ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் வண்டியில் அந்த வாய்ப்பு வராமல் கரி சேர்ந்து பி 2463 போன்ற கோடு விழுகிறது. கயத்தாற்றுக்காரருக்கு நாற்கரச் சாலை வாசலிலேயே இருக்கிறது. எப்போது அதில் ஏற வேண்டும் என்பது தெரிந்தால் போதும். கரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற எண்ணைப் பெரும்பாலும் பொதுவான செயலிகள் காட்டுவதில்லை, கம்பெனிக்கான தனித் தகவல் அது. ஆகவே டீசல் கார் வைத்திருப்பவர் கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, தன் மாடலில் டிபிஎஃப் கரி அளவைக் காட்டுமா என்பதே.

விலை கூடிய கருவிகளில், நின்ற இடத்திலேயே கரியை எரிக்க வைக்கும் ‘ஃபோர்ஸ்டு ரீஜென்’ வசதியும் இருக்கும். இதை வீட்டில் செய்யாமல் இருப்பது நல்லது. அப்போது புகைக்குழாய்க்குள் வெப்பம் 600 டிகிரியைத் தொடுகிறது. காய்ந்த புல், தட்டை, உளுந்துச் செடி கிடக்கும் களத்திலோ படப்பு ஓரத்திலோ இந்த வேலையைத் தொடங்கினால் வண்டியும் போகும், வெள்ளாமையும் போகும். ரோட்டில் காயப் போட்ட கதிர் மேல் ஏறி வந்த வண்டியின் அடியில் தட்டை சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வாங்கிய அன்று

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கருவியைச் சோதித்துவிட வேண்டும். இன்ஜினை அணைத்து, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்துச் செருகினால் பேட்டரி வோல்ட் காட்டும். ஒரு மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஒப்பிட்டால் கருவியின் யோக்கியதை தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வரும். புதிய கார்கள் சிலவற்றில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரைக் கணினியே ஏற்றி இறக்கும். அங்கே எண் மாறிக்கொண்டிருப்பது கோளாறு அல்ல. பிறகு ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பம் மூன்றையும் ஒரே நேரத்தில் திரையில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் எண் முள்ளோடு சேர்ந்து ஏற வேண்டும். இரண்டு, மூன்று விநாடி பின்தங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. கோடு விழுந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, இன்ஜின் பளு என்ன என்று கார் பதிந்து வைத்திருக்கும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ தகவலும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும். மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. திரையைப் படம் எடுத்த பிறகே அழிக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளைக் காட்டும் ‘ரெடினெஸ் மானிட்டர்’ பட்டியலில் பல இன்னும் முடியாமல் நிற்கின்றன என்றால், சமீபத்தில் யாரோ கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்; விற்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். 16-ஆம் முனையில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருப்பதால், செருகியபடியே வாரக்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கும். கார் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை எல்லா எண்களையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, ஆர்.சி. நகலோடு வைத்திருந்தால், பின்னொரு நாள் விளக்கு எரியும்போது எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.